படலையடிக் கதை

ஐம்பது நிமிடத்தை இரண்டாகப் பிரித்தால் இருபத்தைந்து. உளச்சிகிச்சை அறையில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிற எவருக்கும் முதல் நாளே விளங்கிவிடுகிற கணக்கு இது. சிகிச்சையாளர் ஆங்கிலத்தில் ஒரு வசனம் சொல்வார், நான் அதைத் தமிழில் சொல்வேன். வந்தவர் தமிழில் பதில் சொல்வார், நான் ஆங்கிலத்தில் சொல்வேன். அந்த அறையில் எல்லாமே இரண்டு தடவை பேசப்படுகிறது. சுவர் மணிக்கூட்டுக்கு மட்டும் அது தெரியாது.

லண்டனில் நெடுங்காலம் இந்த வேலையைப் பார்த்தேன். சித்திரவதைக்கு உள்ளாகி வந்தவர்கள், இலங்கையின் கடைசிப் போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள், தடுப்புக் காவலில் நடந்ததை இன்னும் மனைவிக்குக்கூடச் சொல்லாதவர்கள். எந்தச் சொல்லை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது கடினம் என்று கல்யாண வீடுகளில் கேட்பார்கள். சுவையான ஒரு பதிலை எதிர்பார்க்கிறார்கள் என்று தெரியும். என்னைப் படுத்தியது நேரம்தான். இங்கே நான் எழுதுகிற மனிதர்கள் ஒவ்வொருவரும் பலரைக் கலந்து உண்டானவர்கள். ஊர், வயது, உறவு எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். யாரும் தன்னை இதில் கண்டுபிடிக்க முடியாது.

மூன்று கதிரைகளை முக்கோணமாகப் போட்டிருப்பார்கள். மேசை இருக்காது. கைக்கெட்டும் தூரத்தில் ரிஷ்யூப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல். மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு விதி உண்டு: தன்மையில்தான் பேச வேண்டும். வந்தவர் 'என்னை முழங்காலில் இருத்தினாங்கள்' என்றால், நானும் ஆங்கிலத்தில் 'என்னை' என்றே சொல்ல வேண்டும். 'அவரை இருத்தினார்களாம்' என்று ஒதுங்கி நின்று சொல்லக் கூடாது. இன்னொரு விதி, வந்தவரோடு காத்திருக்கும் அறையில் ஒன்றாக இருக்கக் கூடாது என்பது. அதற்கான காரணம் எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும். கண்டவுடன் வருகிற முதல் கேள்வி, "அக்கா எவடம்?"

வெள்ளைக்காரச் சிகிச்சையாளர்கள் பலர் இதை ஊர்ப்பாசம் என்று நினைத்துச் சிரிப்பார்கள். அதில் பாசமும் இருக்கிறதுதான். ஆனால் பெரும்பங்கு பயம். நீ ஆர், ஆருடைய ஆள், இங்கே கேட்டதை எந்தக் கோயில் வீதியில், எந்தக் கடை வாசலில் இறக்கி வைப்பாய் என்பதைத்தான் அந்த இரண்டு சொல்லுக்குள் வைத்துக் கேட்கிறார்கள். லண்டன் பெரிய நகரம். தமிழ் லண்டன் சின்ன ஊர். ஆகவே முதல் சில சந்திப்புகளில் ஒரு பங்கு என்னை அளப்பதற்கே போய்விடும். அதைக் கேட்கவிட்டு, எல்லாவற்றையும் மொழிபெயர்க்கச் சொல்லி, பொறுமையாக இருக்கிற சிகிச்சையாளருக்குக் கையில் மிஞ்சுவது இருபத்தைந்து நிமிடம்கூட இல்லை.

இந்த ஐம்பது நிமிடம் எங்கேயிருந்து வந்தது? பிராய்ட் 1913-இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஒவ்வொரு நோயாளிக்கும் தன் நாளின் ஒரு மணித்தியாலத்தை ஒதுக்கிவிடுவதாகச் சொல்கிறார். அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் ஞாயிறும் விடுமுறையும் தவிர்ந்த எல்லா நாளும் வந்தார்கள். பின்னால் வந்தவர்கள் அந்த மணித்தியாலத்தில் பத்து நிமிடத்தைக் குறிப்பெழுதவும் மூச்சுவிடவும் எடுத்துக்கொண்டார்கள். 1955-இல் ரொபேர்ட் லிண்ட்னர் என்ற அமெரிக்க உளப்பகுப்பாளர் தன் புத்தகத்துக்கு 'ஐம்பது நிமிட மணித்தியாலம்' என்றே தலைப்பு வைத்தார். கிழமையில் ஆறு நாள் வந்தவருக்குப் பொருந்திய அளவை எடுத்து, கிழமைக்கு ஒருநாள், அதுவும் பன்னிரண்டு தடவை என்று எண்ணிக் கொடுக்கப்பட்ட ஒருவருக்குப் போட்டுப் பார்க்கிறோம்.

அளவு பொருந்தாமல் போனதை நான் கண்ணால் கண்டது ஒரு சிகிச்சை நிலையத்தில். எது என்பது இங்கே தேவையில்லை. அப்படிப் பல இருக்கின்றன. வந்தவர் இளைஞர், 2009-க்குப் பிறகு பிடிபட்டவர். பெற்றோல் நனைத்த பொலித்தீன் பையைத் தலையில் போட்டு இறுக்குவது என்று மனித உரிமை அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருமே, அது அவருக்கு நடந்தது. பல கிழமை வேறு கதையெல்லாம் பேசிவிட்டு ஒருநாள் கதையில் அந்தச் சித்திரவதை அறையின் வாசலுக்கு வந்தார். கதவின் நிறம், உள்ளே கிடந்த வாங்கு, வெளியே கேட்ட கிரிக்கெட் வர்ணனை. பையை எடுக்கிற இடத்துக்கு வந்தபோது சிகிச்சையாளரின் கண் மணிக்கூட்டுக்குப் போனது. மென்மையான குரலில், இன்றைக்கு இதோடு நிறுத்துவோம், அடுத்த கிழமை இங்கிருந்து தொடருவோம் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன். அவர் எழும்பினார். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. எழும்பி, கதவு வரைக்கும் நடந்து போகும்வரை அவை முன்னால் வரவில்லை.

விதிப்படி நான் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே போக வேண்டும். போனபோது அவர் பஸ் தரிப்பில் நின்றுகொண்டிருந்தார். அவருடைய இலக்க பஸ் வந்தது, நின்றது, போனது. "தம்பி, அது உங்கட பஸ் எல்லோ?" என்றேன். தரிப்பிடத்துக்கு நேரெதிரே பெற்றோல் நிரப்பு நிலையம். "மணக்குது அக்கா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. வராதவர்களுக்கு அனுப்புகிற ஆங்கிலக் கடிதம் ஒன்று போயிருக்கும். அந்தச் சிகிச்சையாளரை நான் குறைசொல்ல மாட்டேன். நல்ல மனிசி. அந்த அறையை ஒரு மணிக்கு இன்னொருவர் பதிந்திருந்தார், அவருடைய ஆள் வெளியே காத்திருந்தார். ஆனால் ஒருவரைத் தடுப்பு முகாமுக்குள் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, 'மிச்சம் அடுத்த கிழமை' என்று சொல்வதற்கு ஒரு ஏற்பாடு இடம்கொடுக்கிறதென்றால் கோளாறு அந்த ஏற்பாட்டில்தான்.

பிறகு நான் வேலைபார்த்த ஓர் இடத்தில் அயர்லாந்துக்காரி ஒருவர் இருந்தார். ஐம்பதைத் தாண்டிய உளவியலாளர். என்னைப் பதிவுசெய்யும்போதே, ஒன்றரை மணித்தியாலம் வேண்டும், சில நாட்களில் இரண்டு ஆகும், நடுவில் எழுந்து போகிற வேறு வேலை எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அது அவருடைய தனிப்பட்ட தாராளம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியில்லை. பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2005-இல் வெளியிட்ட மனவடுச் சிகிச்சை வழிகாட்டியே, நடந்த கொடுமையைப் பற்றிப் பேசுகிற அமர்வுகள் வழக்கத்தைவிட நீளமாக, உதாரணத்துக்குத் தொண்ணூறு நிமிடம், இருக்க வேண்டும் என்று சொன்னது. பென்சில்வேனியாவில் எட்னா ஃபோவா உருவாக்கிய முறையும் தொண்ணூறு நிமிடத்தை அளவாக வைத்தது. கண்ணை இடமும் வலமும் அசைக்கவிட்டுச் செய்கிற ஈஎம்டிஆர் முறையை 1980-களின் கடைசியில் கொண்டுவந்த ஃபிரான்சின் ஷபீரோவின் வழியில் வந்தவர்களும் ஒன்றரை மணித்தியாலத்தையே விரும்பினார்கள். வழிகாட்டி இருந்தது. அதற்கு அறையும் ஆளும் ஒதுக்கத்தான் ஒருவரும் இருக்கவில்லை.

ஏன் தொண்ணூறு என்பதற்கு ஃபோவாவின் ஆரம்பகால விளக்கம் எளிமையானது. பயங்கரமான நினைவுக்குள் போகும்போது பயம் ஏறும். ஓடாமல் அங்கேயே இருந்தால் ஓரிடத்தில் நிற்கும், பிறகு தானாக இறங்கும். அந்த இறக்கத்தை உடம்பு ஒருதடவை அனுபவித்துவிட்டால், 'இது நினைவு, இப்போது நடப்பதல்ல' என்று படித்துக்கொள்ளும். ஏறின உச்சியில் எழும்பிப் போனால் உடம்பு படிக்கிற பாடம் வேறு: ஓடினதால்தான் தப்பினேன், இனி இந்தப் பக்கமே வரக்கூடாது. இறக்கம் அவ்வளவு முக்கியமில்லை, பயந்தது நடக்கவில்லை என்று புதிதாகக் கற்றுக்கொள்வதுதான் முக்கியம் என்று பின்னர் ஆராய்ச்சியாளர்கள் விளக்கத்தைத் திருத்திக்கொண்டார்கள். பஸ் தரிப்பில் நின்ற அந்தத் தம்பிக்கு இரண்டு விளக்கமும் ஒன்றுதான்.

அயர்லாந்துக்காரியின் ஒன்றரை மணித்தியாலத்தைப் பார்த்தபோதுதான் நீளமான அமர்வு எதற்கு என்று எனக்குப் பிடிபட்டது. கூடுதலாகத் தோண்டுவதற்கு என்று நினைத்திருந்தேன். அவர் தோண்டுகிற நேரம் மற்றவர்களைவிட அதிகமாக இருந்ததில்லை. முதல் பங்கு அந்தக் கிழமையின் கதைக்கு: நித்திரை எப்படி, சொலிசிட்டரின் கடிதம் வந்ததா, வீட்டுக்காரன் ஹீற்றரைத் திருத்தினானா. நடுப்பங்கு நினைவுக்கு. கண்ணை மூடி, அல்லது நிலத்தில் ஒரு புள்ளியைப் பார்த்து, இப்போது நடப்பதுபோலச் சொல்ல வேண்டும். இடையிடையே "எத்தினை?" என்று கேட்கச் சொல்வார். பயம் பூச்சியத்திலிருந்து நூறுக்குள் எவ்வளவு என்று அவர்கள் ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். கடைசிப் பங்கு திரும்பி வருவதற்கு. இந்தக் கடைசிப் பங்கில் கைவைக்க அவர் யாரையும் விட்டதில்லை, தன்னையும் சேர்த்து. இத்தனை மணிக்குள் தொடங்காவிட்டால் இன்றைக்குத் தொடங்குவதே இல்லை என்பது அவருடைய சட்டம். ஆள் ஆயத்தமாக இருந்தாலும், நானே உள்ளுக்குள் 'இப்ப விட்டால் இனி வராது' என்று தவித்தாலும், அவர் அசைய மாட்டார்.

திரும்பி வருவது என்பது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. தேசிக்காயைக் கையில் கொடுத்து மணக்கச் சொல்வார். காலை நிலத்தில் அழுத்தச் சொல்வார். இண்டைக்கு என்ன திகதி, இது எந்த ஊர், யன்னலுக்கு வெளியே என்ன தெரியுது. அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வது அதில் ஒரு பகுதி. அன்கே ஏலர்ஸும் டேவிட் கிளார்க்கும் வளர்த்த முறையில் இதற்குத் தனி இடம் உண்டு. ஒருவருக்குத் திறப்புச் சத்தம் ஆகாது. காவலாளி திறப்புக் கோர்வையைக் கிலுக்கிக்கொண்டு வருவானாம், இன்றைக்கு ஆர் என்று எல்லோரும் காத்திருப்பார்களாம். வரவேற்பறைப் பெண் அலுமாரியைத் திறந்தாலே அவருக்கு வேர்த்துவிடும். ஒருநாள் உளவியலாளர் தன்னுடைய திறப்புக் கோர்வையை எடுத்து அவரிடமே கொடுத்து, நீங்களே கிலுக்குங்கோ, அந்தச் சத்தத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார். மனிசன் கிலுக்கினார், நிறுத்தினார், திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "இதில ஒரு செம்மறியாட்டுக் குட்டி தொங்குது. அவனட்ட அது இல்லை" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். இந்தச் சிரிப்புக்கு வந்து சேர எழுபது நிமிடத்துக்கு மேல் பிடித்தது. ஐம்பது நிமிட அறையில் அந்த ஆட்டுக்குட்டிக்கு இடமே இருந்திருக்காது.

எங்கள் ஊரில் முக்கியமான கதை எதுவும் விறாந்தையில் தொடங்காது. வந்தவர் தேத்தண்ணி குடிப்பார், மழையைப் பற்றிச் சொல்வார், ஆர் ஆருக்கு என்ன வருத்தம் என்று விசாரிப்பார், 'அப்ப நான் போட்டு வாறன்' என்று எழும்புவார். படலையில் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் வந்த காரியத்தைச் சொல்வார். காசு கேட்பதும், பெண் கேட்பதும், துக்கச் செய்தி சொல்வதும் படலையடியில்தான். நான் கண்ட தமிழர்களில் அநேகர் சிகிச்சை அறையையும் இந்தப் படலைக் கணக்கிலேயே நடத்தினார்கள். வயதான ஒரு அம்மா, மகனுடைய விசா, தன் முழங்கால், ஈஸ்ற்ஹாமில் முருங்கைக்காய் விற்கிற விலை என்று அமர்வு முழுவதையும் கொண்டுபோவார். நேரம் முடிந்து எழும்பி, சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "மற்றது பாருங்கோ பிள்ளை, அண்டைக்குப் பங்கருக்குள்ள சின்னவனை விட்டுட்டு நான் தண்ணிக்குப் போகேக்கை..." என்று தொடங்குவார்.

மேலை நாட்டுச் சிகிச்சையாளர்களும் இதை அறிவார்கள். கதவுப்பிடியில் கைவைத்தபடி சொல்லப்படும் கதை என்று அவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. அதைத் தவிர்ப்பு என்று எடுத்து, இதைப் பற்றி அடுத்த கிழமை பேசுவோம் என்று எல்லையைக் காப்பதே பலருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட வழி. அயர்லாந்துக்காரி செய்தது வேறு. ஐம்பதாவது நிமிடத்தில் அவர் எழும்புவார். யன்னலைத் திறப்பார், தேத்தண்ணி போடப் போகிறேன் என்பார். அந்த அம்மாவும் எழும்புவார், கால் நோகுது என்று இரண்டடி நடப்பார். போகிற நேரம் வந்துவிட்டது என்று உடம்பு நம்பிவிடும். கதை வந்துவிடும். பிறகு இருந்து பேசுவதற்கு நாற்பது நிமிடம் கையில் இருக்கும். படலையை அவர் அமர்வின் நடுவில் கொண்டுவந்து நட்டுவிட்டார். நானாக அவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. படலை என்று ஒன்று இருக்கிறதென்றே அவருக்குத் தெரியாது. கவனித்திருக்கிறார், அவ்வளவுதான்.

கயிறு வைக்கிற அமர்வு என்று ஒன்று உண்டு, அது இன்னும் நீளம். ஜெர்மனியின் கொன்ஸ்ரான்ஸ் பல்கலைக்கழகத்தில் மாகி ஷவர், ஃபிராங்க் நொய்னர், தோமஸ் எல்பர்ட் ஆகியோர் போரிலிருந்து வந்தவர்களுக்காக உருவாக்கிய முறை அது. பிறந்ததிலிருந்து இன்றுவரை வாழ்க்கையை வரிசையாகச் சொல்ல வைப்பார்கள். அதற்கு முன்னால் ஒரு கயிற்றை நிலத்தில் நீட்டி, நல்லது நடந்த இடத்தில் பூவும் கெட்டது நடந்த இடத்தில் கல்லும் வைக்கச் சொல்வார்கள். கயிற்றின் கடைசி நுனியைச் சுருட்டியே விட்டிருப்பார்கள். அது இனி வரப்போகிற காலம். ஒரே இருப்பில் வைத்து முடிக்க வேண்டும், பாதிக் கயிற்றோடு ஒருவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஒன்றரை மணித்தியாலமோ இரண்டோ, முடியும்வரை இருக்க வேண்டியதுதான். இந்த முறைக்கும் எங்களுக்கும் உறவு உண்டு. 2004 கடல்கோளுக்குப் பிறகு, இலங்கையின் வடகிழக்குக் கரையோர முகாமொன்றில், போரையும் அலையையும் ஒருங்கே கண்ட 31 பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். செய்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரியர்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு ஆறு அமர்வுகள் இந்தக் கதை முறை, மறுபகுதிக்கு ஆறு அமர்வுகள் தியானமும் உடலைத் தளர்த்துகிற பயிற்சியும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது கதை சொன்ன பிள்ளைகளில் 81 வீதமும் தியானம் செய்தவர்களில் 71 வீதமும் மனவடு நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். 2009-இல் வெளிவந்த ஆய்வு. இரண்டு முறையும் உதவியது என்பதுதான் எனக்குப் பிடித்த முடிவு. ஒரு பிள்ளையோடு பெரியவர் ஒருவர் அவசரமில்லாமல் இருந்தார் என்பது இரண்டுக்கும் பொது.

லண்டன் அறையில் நான் கண்ட கயிறு ஒன்று நினைவில் நிற்கிறது. வன்னியில் பிறந்தவர், நாற்பதை நெருங்குகிறவர். போர் முடிந்த 2009 மே மாதத்துக்கு எங்கள் தட்டில் இருந்த மிகப் பெரிய கல்லை எடுத்தார், கையில் நிறுத்துப் பார்த்தார், வைத்தார், பக்கத்தில் இன்னொன்றை வைத்தார். அது நாங்கள் எதிர்பார்த்தது. எதிர்பார்க்காதது பூவுக்கு அவர் எடுத்த நேரம். முதலில், எனக்குப் பூ ஒன்றும் இல்லை என்றார். உளவியலாளர் ஒன்றும் சொல்லாமல் இருந்தார். நானும் இருந்தேன். கனநேரத்துக்குப் பிறகு ஒரு பிளாஸ்ரிக் பூவை எடுத்து, கயிற்றின் முற்பகுதியில் வைத்தார். மாமா வாங்கிக் கொடுத்த லுமாலா சைக்கிள். பிறகு இன்னொன்று, ஓஎல் பரீட்சையில் கணிதத்துக்குக் கிடைத்த டி, அதிவிசேட சித்தி. பிறகு வரிசையாக. கல்லெல்லாம் முதல் அரை மணித்தியாலத்தில் வந்துவிட்டது. பூக்கள் வரத்தான் மிச்ச நேரம் முழுவதும் தேவைப்பட்டது.

இந்தப் பொறுமைக்கு ஒரு பழைய முன்னுதாரணம் லண்டனிலேயே இருந்தது. ஹெலன் பம்பர் 1945-இல், இருபது வயதளவில், பேர்கன்-பெல்சன் வதைமுகாமுக்குத் தொண்டராகப் போனவர். உயிர் தப்பியவர்களுக்கு அவரால் செய்ய முடிந்தது நிலத்தில் கூட இருந்து, அவர்களைப் பிடித்துக்கொண்டு, சொல்வதைச் சொல்லி முடிக்கும்வரை கேட்பது. நாற்பது ஆண்டு கழித்து, 1985-இல், சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்காக அவர் தொடங்கிய மருத்துவ அறக்கட்டளைதான் இன்று 'ஃபிரீடம் ஃப்ரொம் டோர்ச்சர்' என்ற பெயரில் இயங்குகிறது. அங்கே உதவி பெற்றவர்களில் இலங்கைத் தமிழர் ஏராளம். பெல்சனில் அவருக்கு ஐம்பதாவது நிமிடம் என்று ஒன்று இருந்திருக்காது.

இவ்வளவும் சொன்ன பிறகு, நீளமே மருந்து என்று ஒருவர் முடிவுகட்டினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் இருந்ததிலேயே மிக நீளமான அமர்வுகள் புகலிட விசாரணைகள். காலையில் தொடங்கி மாலைவரை போனவை உண்டு. அங்கேயும் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும், அங்கேயும் கதவின் நிறம் கேட்பார்கள், அங்கேயும் தண்ணீர்ப் போத்தல் இருக்கும். வெளியே வருகிறவருக்கு ஒருவாய்ச் சாப்பாடு இறங்காது. மணித்தியாலம் நீண்டதால் ஒருவருக்கும் சுகம் வந்து நான் காணவில்லை. தேசிக்காய் அந்த அறையில் இல்லை.

நீளம் எல்லோருக்கும் வாய்ப்பதுமில்லை. மூன்றே காலுக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டிய தாய் ஒருவர் இருந்தார். ஒன்றரை மணித்தியாலத்தில் பாதி, மணிக்கூட்டைப் பார்ப்பதிலேயே அவருக்குப் போனது. அமர்வைச் சுருக்கி, கிழமைக்கு இரண்டு தரம் ஆக்கியபோதுதான் அவரால் கதிரையில் சாய்ந்து இருக்க முடிந்தது. ஆய்வுகளும் ஒரே பக்கம் நிற்கவில்லை. ஃபோவாவும் ஆக்னஸ் வான் மின்னனும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நினைவுக்குள் முப்பது நிமிடம் இருந்தவர்களும் அறுபது நிமிடம் இருந்தவர்களும் கடைசியில் ஒரே அளவுக்குத்தான் தேறினார்கள். இஸ்ரேலில் முன்னாள் படையினரை வைத்துச் செய்து 2015-இல் வந்த ஆய்வு, அறுபது நிமிட அமர்வு தொண்ணூறு நிமிடத்துக்குக் குறைந்ததில்லை என்று காட்டியது. மறுபக்கம், ஏலர்ஸும் கிளார்க்கும் 2014-இல் வெளியிட்டதில், சிகிச்சை முழுவதையும் ஏறக்குறைய ஒரே கிழமைக்குள் நெருக்கி, பதினெட்டு மணித்தியாலம் வரை கொடுத்தவர்களில் 73 வீதம் பேர் மீண்டார்கள். அதையே கிழமைக்கு ஒருநாளாக மூன்று மாதம் செய்தவர்களில் 77 வீதம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

இந்த எண்களை நான் மதிக்கிறேன். அறுபது போதும் என்று நிர்வாகிகள் சந்தோஷமாகப் பிடித்துக்கொள்வது எனக்குத் தெரியும், அதற்கு ஆதாரம் இருக்கிறது என்பதும் தெரியும். ஆனால் சிகிச்சையாளரும் நோயாளியும் ஒரே மொழியைப் பேசுகிற அறையின் அறுபது நிமிடம் வேறு, மூன்றாவது கதிரை போட்ட அறையின் அறுபது வேறு. அங்கே முப்பது நிமிடம் நினைவுக்குள் இருப்பதற்கு, போகவும் வரவும் சேர்த்து, ஒன்றரை மணித்தியாலம் வேண்டும். என் கோரிக்கை அவ்வளவுதான். ஆளைத் திருப்பிக் கொண்டுவருகிற நேரத்தை முதலில் ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்தைப் பங்கிடுங்கள்.

மூன்றாவது கதிரையில் இருப்பவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாள்முழுக்க 'என்னைக் கட்டினார்கள், என்னை இழுத்தார்கள்' என்று தன்மையில் சொல்லிக்கொண்டிருந்தால் வாய்க்கு அது பழகிவிடும், உடம்புக்குப் பழகாது. அயர்லாந்துக்காரி ஆளை அனுப்பிவிட்டு என்னோடு பத்து நிமிடம் இருப்பார். கதையைப் பற்றிப் பேசுவதில்லை. இரவைக்கு என்ன சமைக்கப் போகிறீர்கள் என்று கேட்பார். முகவர் நிறுவனங்களின் படிவத்தில் அந்தப் பத்து நிமிடத்துக்குக் கட்டம் கிடையாது, ஆகவே காசும் கிடையாது. தொலைபேசி வழியாக மொழிபெயர்க்கிறவர்களுக்கு அதுவும் இல்லை. ஒருவரின் பங்கர் கதை முடிந்த கையோடு அடுத்த அழைப்பில் இன்னொருவரின் பல்வலிக்கு வணக்கம் சொல்ல வேண்டும். இதைத் தாங்காமல் வேலையை விட்டவர்களைத் தெரியும். நல்ல மொழிபெயர்ப்பாளர்கள்.

கயிற்று முறையில் கடைசி அமர்வுக்கு ஒரு சடங்கு உண்டு. ஒவ்வொரு தடவையும் சொன்னதைச் சிகிச்சையாளர் எழுதி வைத்திருப்பார். அடுத்த தடவை அதை வாசித்துக்காட்டி, திருத்தி, அங்கிருந்து மேலே போவார்கள். எல்லாம் முடிந்ததும் வாழ்க்கை முழுவதையும் தொடக்கத்திலிருந்து வாசித்து, சொன்னவரும் சிகிச்சையாளரும் மொழிபெயர்ப்பாளரும் கையெழுத்து வைப்பார்கள். அந்த வன்னிக்காரருக்கு நான் தமிழில் வாசித்துக்கொண்டு போனேன். முகாம் வரும்போது வாசிப்பை நிறுத்தவா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். எல்லாம் கேட்டார். வாசித்து முடித்துப் பேனையைக் கொடுத்தபோது வாங்கவில்லை.

"ஒரு பிழை இருக்கு அக்கா. சைக்கிள் நீலம் இல்லை, பச்சை."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அதை இப்போதே பேனையால் வெட்டித் திருத்திவிடலாம், அல்லது திருத்திய பிரதியைத் தபாலில் அனுப்பலாம் என்றார் உளவியலாளர். அதற்குள் இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது. வன்னிக்காரர் இரண்டுக்கும் தலையாட்டவில்லை. புதிதாக அடித்துத் தரும்வரை தான் இருப்பதாகச் சொன்னார். உளவியலாளர் மாடிக்கு ஏறிப்போனார். அச்சியந்திரம் கடதாசியைக் கடித்துவிட்டது என்று ஒருதரம் கீழே வந்து சொல்லிவிட்டுத் திரும்ப ஏறினார். கடைசியில் தாள்கள் வந்தன. ஆங்கிலத்தில் பச்சை என்று இருக்கிற இடம் எது என்று என்னைக் காட்டச் சொல்லி, அதில் விரலை வைத்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்து வைத்தார்.